ஜெயமோகனின் ‘அறம்’: ஆச்சி உட்கார்ந்த தார் ரோடு

1. பொருநைக்கரையான்

பக்கத்துத் திரியில் வளவன்77 எழுதியிருப்பது இது: “அறம் தொகுப்பில் வருவதெல்லாம் வாழ்ந்த மனிதர்கள். நடந்ததைப் போய் மிகை என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை கிடையாது.”

அந்த ‘எவனுக்கும்’ என்னையும் சேர்த்துத்தான் என்பதால் பதிலை இங்கே போடுகிறேன்.

2011 தொடக்கத்தில் ஜெயமோகன் தன் தளத்தில் அடுத்தடுத்து வெளியிட்ட கதைகள். அதே ஆண்டில் வம்சி பதிப்பகம் புத்தகமாகக் கொண்டுவந்தது. யானை டாக்டரில் வனத்துறைக் கால்நடை மருத்துவர் வி.கிருஷ்ணமூர்த்தி, ஓலைச்சிலுவையில் நெய்யூர் மருத்துவமனையின் டாக்டர் சோமர்வெல், வணங்கானில் குமரித் தலைவர் மார்ஷல் நேசமணி, கோட்டியில் மேடைப் பேச்சாளர் பூமேடை ராமையா. ஆட்கள் உண்மை, மறுக்கவில்லை. ஆள் உண்மை என்பதால் காட்சியும் உண்மை ஆகிவிடுமா?

தலைப்புக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.வி.வெங்கட்ராமை வைத்து எழுதியது என்று பரவலாக வாசிக்கப்படும் கதை. வயதான எழுத்தாளர் ஒருவர் இளைய எழுத்தாளரிடம் தன் பழைய கதையைச் சொல்கிறார். வாழ்க்கை வரலாறுகளாக எழுதிக் குவித்த காலம் அது. பதிப்பாளரான செட்டியார் பணத்தைத் தராமல் இழுத்தடிக்கிறார். மகள் கல்யாணம் நெருங்குகிறது. கெஞ்சிப் பார்த்தும் பலனில்லாமல் அறம் பாடிவிட்டு, அதாவது அழிந்துபோகச் சபித்துப் பாடிவிட்டு, வந்துவிடுகிறார். அதை அறிந்த பதிப்பாளரின் மனைவி, அந்த ஆச்சி, கடை வாசலில் கொதிக்கிற தார் ரோட்டில் உட்கார்ந்துவிடுகிறாள். பாக்கி தீரும்வரை எழுந்திருக்க மாட்டாள். பணம் புரட்டப்படுகிறது. அவள் எழும்போது புடவை தாரோடு ஒட்டியிருக்கிறது, உடம்பு வெந்திருக்கிறது.

என் குற்றச்சாட்டு ஒன்றுதான். அவள் உட்கார்ந்ததுமே கதை முடிந்துவிட்டது. பெரிய வீட்டு ஆச்சி, புருஷனின் கடை வாசலில், கடைத்தெரு முழுக்கப் பார்க்க மண்ணில் உட்காருகிறாள். அந்தச் சமூகத்தில் இதைவிடப் பெரிய அடி வேறில்லை. அதற்கு மேலே வெந்த உடம்பு எதற்கு? மண்டியிட்டுவிட்ட வாசகனைப் பிடரியில் அடித்துப் படுக்கவைக்கிற வேலை அது. நம்பும்படியாகவும் இல்லை. சாலைத் தாரைக் கலவைக்குக் காய்ச்சுவது 150 டிகிரிக்கு மேல். 40 டிகிரி வெயிலில் அது எப்படி உருகும்?

2. வளவன்77

பிடரியில் அடிச்சது உங்களை மட்டும்தான் போல. மத்தவங்க எல்லாம் அழுதோம்.

ஒரு மனுஷி தன் புருஷன் செஞ்ச துரோகத்துக்குத் தன் உடம்பைக் கொடுக்கிறா. அதைப் படிச்சிட்டு தார் எத்தனை டிகிரியில உருகும்னு கேக்கிற மனசு எப்படிப்பட்ட மனசு? நாலு வருஷமா இந்தக் குழுவுல நீங்க பாராட்டி எழுதின ஒரே ஒரு தொகுப்பைக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கிறேன். எந்த ஆசிரியரை எடுத்தாலும் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு அதுலயே விரலை விட்டுக்கிட்டு நிக்கிறதுதான் உங்க விமர்சனம்.

‘யோக்கியதை’ன்னு சொன்னது சொன்னதுதான். திரும்பவும் சொல்றேன்.

3. மைல்கல்

இலக்கியச் சண்டைக்குள் நான் வரவில்லை. தார் பற்றி முதல் பதிவில் இருப்பது தவறு.

150 டிகிரி என்பது கலவை போடும்போது சல்லி முழுக்கப் படிவதற்காகக் காய்ச்சும் சூடு. தார் இளகுவதற்கு அவ்வளவு வேண்டியதில்லை. இளகுநிலையை அளக்க வளையம்-குண்டு சோதனை என்று ஒன்று உண்டு. பித்தளை வளையத்தில் தாரை ஊற்றி ஆறவிட்டு, மேலே 3.5 கிராம் எஃகுக் குண்டு ஒன்றை வைத்து, தண்ணீர்த் தொட்டியில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் சூடேற்றுவார்கள். தார் இளகிக் குண்டோடு 2.5 செ.மீ. கீழே தொங்கும்போது இருக்கும் சூடுதான் இளகுநிலை. நம்மூர்ச் சாலைகளில் பல பத்தாண்டுகள் புழங்கிய 80/100 ரகத்துக்கு அது 40களில் வந்துவிடும். இப்போது போடும் விஜி 30 ரகத் தாருக்கே குறைந்தது 47தான்.

அடுத்து, 40 டிகிரி என்று நீங்கள் சொல்வது நிழலில் அளந்த காற்றின் சூடு. கறுப்புச் சாலையின் மேற்பரப்பு கோடை மதியத்தில் 60ஐத் தாண்டும். தென்னிந்தியாவில் இது சாதாரணம்.

பழைய கடைத்தெரு ரோடுகள் பெரும்பாலும் மேற்பூச்சு வகை. தாரைத் தெளித்து, சல்லி தூவி, உருளை ஓட்டுவார்கள். 10 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 18 கிலோ தார். தெளிப்பவன் கை தாராளமாகப் போனாலோ, சல்லி குறைந்தாலோ, வண்டி ஓடி ஓடிச் சல்லி உள்ளே புதைந்தாலோ, மிச்சத் தார் கோடையில் மேலே கசிந்து பளபளவென்று நிற்கும். செருப்பு ஒட்டும், மாட்டு வண்டிப் பட்டையில் பற்றிக்கொண்டு வரும்.

ஆக, ஆச்சி உட்கார்ந்த இடத்தில் தார் ஒட்டியிருக்க வாய்ப்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

4. பொருநைக்கரையான்

மைல்கல், தகவலுக்கு நன்றி. ஆனால் நீங்கள் நிறுவியது என்ன? தார் இளகும் என்பது. 3.5 கிராம் குண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவதற்கும் ஒரு பெண் நடுரோட்டில் வெந்துபோவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது?

அவள் உட்கார்ந்ததும் அந்த இடத்தில் வெயில் படாது. மேலிருந்து சூடு வருவது நின்றுவிடும். கீழே இருக்கும் சூடு மட்டும் ஏறும். நடுவில் புடவை, கொசுவம், உள்பாவாடை என்று மடிப்பு மடிப்பாகத் துணி. துணியும் துணிக்குள் அடைபட்ட காற்றும் சூட்டை எளிதில் கடத்தாது. பட்டோ நூலோ, எதுவாக இருந்தாலும் சரி.

இதெல்லாம்கூட என் கேள்வி இல்லை. முதல் பதிவிலேயே கேட்டிருக்கிறேன், நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். உட்கார்ந்தது போதும். ஒட்டியது எதற்கு?

வளவன் கண்ணீரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். அந்தக் கண்ணீர் வந்த வழியையும் பார்க்க வேண்டும். கதைகள் தளத்தில் வந்த நாட்களிலேயே உருகி உருகி எழுதிய வாசகர் கடிதங்களும் அதே தளத்தில் வந்தன. புத்தகம் கைக்கு வருவதற்குள் இந்தக் கதைகளை எப்படி வாசிக்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. ‘இது நடந்தது’ என்பது முதல் விதி. ‘அழாதவன் கல்நெஞ்சன்’ என்பது இரண்டாம் விதி. இப்போது வளவன் என்னைக் கேட்பதும் அந்த இரண்டாம் விதியின்படிதான்.

5. செவ்வந்தி

தார் இளகுமா, துணி தாங்குமா என்று இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணின் உடம்பை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கதையிலும் இதேதான் நடக்கிறது என்பது உங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

கதையின் அமைப்பைப் பாருங்கள். சொல்பவர் ஓர் ஆண் எழுத்தாளர். கேட்பவர் ஓர் ஆண் எழுத்தாளர். ஏமாற்றியவர் ஆண், ஏமாந்தவர் ஆண். நடுவில் ஒரு பெண் வந்து தன் உடம்பைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறாள். அவளுக்கு அந்த வெயிலில் என்ன ஓடியது? புருஷன் மேல் கோபமா, சாபத்தின் மேல் பயமா, பிள்ளைகள் நினைப்பா? எதுவும் நமக்குத் தெரியாது. அவளை வெளியிலிருந்து, இன்னொருவர் வாய் வழியாக மட்டுமே பார்க்கிறோம். தெய்வத்தை இப்படிப் பார்க்கலாம், மனுஷியைப் பார்க்கக் கூடாது. அறம் முழுக்க அவள் பக்கம் இருக்கிறது என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டால் அவளைப் பற்றி அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

அதே தொகுப்பில் நூறு நாற்காலிகள் கதையில் வரும் தாயைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாயாடி என்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண். மகன் ஐஏஎஸ் அதிகாரி. அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்கிறாள். நாற்காலியில் உட்காராதே, கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சுகிறாள். அவளிடம் லட்சியம் கிடையாது, அழுக்கும் பசியும் பயமும்தான். அவளை மகனால் தாங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவள் யாருக்கும் எதையும் தீர்த்துவைப்பதில்லை. அதனால்தான் அந்தக் கதை இந்தத் தொகுப்பில் தனியாக நிற்கிறது. ஆசிரியரே மலையாளத்திலும் எழுதி, அங்கே அது தனிப் புத்தகமாகப் பரவலாகப் போனதற்கும் காரணம் இருக்கிறது.

ஆச்சியின் பிரச்சினை தாரில் இல்லை. அவளுக்கு உள்ளே ஒன்றும் வைக்கப்படவில்லை, அதுதான்.

6. வளவன்77

செவ்வந்தி அக்கா, ஆச்சி பேசணும்னா கதையே வேற. அவ பேசாம உட்கார்ந்ததுதான் கதை. எல்லாத்தையும் உள்ளுக்குள்ள புகுந்து சொல்லணும்னா தொடர்கதை எழுதலாம்.

பொருநை ஐயா, ‘நன்றி’ன்னு ஒரு வார்த்தை போட்டுட்டு மைல்கல் சொன்னதை அப்படியே குப்பையில போட்டீங்க பாருங்க, அதுக்குப் பெயர் என்ன? முதல்ல உருகாதுன்னீங்க. உருகும்னு அவர் காட்டினதும் துணி தடுக்கும்னீங்க. துணியும் போச்சுன்னா அடுத்து என்ன, ஆச்சி குடை பிடிச்சிருந்தாளா?

7. பொருநைக்கரையான்

குடை பிடித்திருந்தாலும் என் கேள்வி மாறாது. உட்கார்ந்தது போதும். ஒட்டியது எதற்கு?

செவ்வந்தி சொல்வதும் என் பக்கமே வந்து சேர்கிறது. உள்ளே எதுவும் இல்லாத பாத்திரத்தை நம்ப வைக்க வெளியே காயம் வைக்க வேண்டியிருக்கிறது. காயத்தை எடுத்துவிட்டால் ஆச்சி யார் என்று ஆசிரியர் எழுதியாக வேண்டும்.

8. செவ்வந்தி

உங்கள் பக்கம் நான் வரவில்லை. என்னை இழுக்காதீர்கள்.

9. காரைவீடு

எல்லோரும் ரோட்டைப் பார்க்கிறீர்கள். பதிப்பாளரைப் பார்த்தீர்களா? செட்டியார் என்றால் காசை விடாதவர், கல்நெஞ்சர், ஆச்சி என்றால் தெய்வம். நாடகக் காலத்திலிருந்து இருக்கும் வார்ப்பு. சக்தி காரியாலயம் வை.கோவிந்தனும் நகரத்தார்தான். 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும் இல்லாவிட்டால் இங்கே பாதி ஆய்வு நடக்காது. தமிழ்ப் பதிப்புக்குச் சொத்தைக் கரைத்த இனத்திலிருந்து கதைக்கு ஒரு கஞ்சனைத்தான் எடுக்கத் தோன்றியதா?

10. வளவன்77

ஒரு கதையில ஒரு செட்டியார் கெட்டவரா வந்தா மொத்த இனத்தையும் திட்டினதா ஆயிடுமா? அந்த இனத்துப் பெண்ணைத்தானே கதையோட உச்சியில தூக்கி வெச்சிருக்கார்? அது கண்ணுக்குத் தெரியலையா?

11. காரைவீடு

உச்சியில் தூக்கி வைத்ததையும் அதே வார்ப்பு என்றுதான் எழுதியிருக்கிறேன். திரும்பப் படியுங்கள்.

12. பாட்டியல்தாசன்

திரி முழுக்கப் படித்தேன். அறம் என்ற தலைப்பு வைத்த கதையில் அறம் பாடுதல் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அறம் பாடுவது வெறும் திட்டு அல்ல. செய்யுள் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் முதற்சீருக்கு மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் என்று பத்துப் பொருத்தம் வகுக்கின்றன. உண்டிப் பொருத்தத்தில் அமுத எழுத்து, நச்செழுத்து என்ற பிரிவு வரும். வாழ்த்தில் எதை விலக்க வேண்டும் என்று புலவன் படித்தானோ, அதையே தெரிந்து வைத்துப் பாடினால் பாடப்பட்டவன் அழிவான் என்பது நம்பிக்கை. இதன் பெரிய உதாரணம் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் பற்றிய கதை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பந்தல் எரிய, கடைசியில் சிதைமேல் அமர்ந்து, தன்மேல் பாடப்பட்ட நந்திக்கலம்பகத்தைக் கேட்டு அவன் எரிந்தான் என்பார்கள். வரலாறு அல்ல, வழக்கில் உள்ள கதை. ஆனால் அந்த மரபில் ஒன்று மாறாது. அறம் பாடினால் முடிவு தீயில். கண்ணகி சாபத்திலும் தீதான்.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள். பாட்டு எரிக்க வேண்டிய உடம்பு பதிப்பாளருடையது. ஆச்சி அந்தத் தீயைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறாள். நிழலில், திண்ணையில் அவள் உட்கார்ந்திருந்தால் பட்டினிப் போராட்டம் ஆகியிருக்கும், சாபம் அப்படியே மிச்சம் இருந்திருக்கும். வெந்தால்தான் பாட்டு பலித்ததாகவும் ஆகும், வீடு பிழைத்ததாகவும் ஆகும். ‘ஒட்டியது எதற்கு’ என்று பொருநை மூன்று தடவை கேட்டுவிட்டார். இதற்குத்தான்.

13. பொருநைக்கரையான்

தாசன் ஐயாவின் பதிவு இந்தத் திரியிலேயே கனமானது. அதனால்தான் அதை விட முடியாது.

நீங்கள் சொல்வது சரியானால் கதைக்கு இன்னும் பெரிய சிக்கல் வருகிறது. சாபம் பலித்துவிடும் என்ற பயத்தில் ஆச்சி தன் உடம்பைக் கொடுத்தாள் என்றால் அது குடும்பத்துக்கான பரிகாரம். எழுத்தாளனுக்கு நியாயம் கிடைத்தது அதன் கிளை விளைவு. கணக்கைக் கணக்காகப் பார்த்து, உழைத்தவன் கூலியைக் கொடு என்று ஒருத்தி உட்கார்ந்தால் அதற்குப் பெயர் அறம். பலிக்குமோ என்று நடுங்கி உட்கார்ந்தால் அதற்குப் பெயர் பயம். கதை இந்த இரண்டில் எது என்று தீர்மானிக்காமல், வெந்த உடம்பைக் காட்டிக் கேள்வியை மறைத்துவிடுகிறது. காயத்தைப் பார்த்தபின் யார் காரணம் கேட்பார்கள்?

நந்திக்கலம்பகம் தெரிந்தவனுக்கு மட்டும் திறக்கிற கதவு என்றால் இதைப் படித்து அழுதவர்களில் எத்தனை பேருக்கு அது திறந்தது? வளவனுக்குத் திறந்ததா?

14. பாட்டியல்தாசன்

மரபு தெரிந்து வாசிப்பவனுக்கும் தெரியாமல் வாசிப்பவனுக்கும் ஒரே காட்சி இரண்டு விதமாக வேலை செய்தால் அது கதையின் பலம். இதைக் குறை என்று சொல்வதை இப்போதுதான் பார்க்கிறேன்.

15. மைல்கல்

துணி பற்றிய பதிவுக்குப் பதில் எழுத நேரம் இப்போதுதான் கிடைத்தது.

ஒன்று: நிழல் விழுந்தால் சூடு உடனே இறங்காது. தார் மட்டும் சூடாக இருப்பதில்லை. கீழே இருக்கும் சல்லி அடுக்கும் காலையிலிருந்து சூட்டை வாங்கி வைத்திருக்கும். மாலையில் வெயில் போனபின்னும் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாதது அதனால்தான்.

இரண்டு: தோல் வேக 100 டிகிரி தேவையில்லை. 44 டிகிரி சூடு மணிக்கணக்காகப் பட்டுக்கொண்டிருந்தாலே தோல் கெடும். 60 என்றால் சில நொடிகளே போதும். துணி அதைத் தள்ளிப்போடும், தடுக்காது. நின்றால் காலை மாற்றி வைக்கலாம். உட்கார்ந்தால் முழு எடையும் ஒரே இடத்தில் இறங்கும், துணி மடிப்புக்குள் இருந்த காற்று பிதுங்கி வெளியேறிவிடும். நீங்கள் நம்பிய அந்தக் காற்று அப்போது இருக்காது.

மூன்று: இளகிய தார் துணி இழைக்குள் ஏறிக்கொள்ளும். ஏறியபின் துணியும் தாரும் ஒரே பொருள். சட்டென்று எழுந்தால் துணியோடு சேர்ந்து பிய்யும். சாலைப் பணியாளர் கையில் சூடான தார் பட்டால் இழுத்துப் பிய்க்கக் கூடாது, முதலில் தண்ணீரில் குளிரவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்.

கசிந்த ரோடு, கோடை மதியம், நீண்ட நேரம். மூன்றும் சேர்ந்தால் கதையில் உள்ளது நடக்கும். மூன்றில் ஒன்று குறைந்தால் புடவை மட்டும் பாழாகும்.

16. பொருநைக்கரையான்

‘மூன்றும் சேர்ந்தால்’. இதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொன்னேன். உச்சக்காட்சி நிற்க மூன்று தற்செயல்கள் ஒன்றாக வந்தாக வேண்டும்.

17. மைல்கல்

கோடையில் வெயில் அடிப்பது தற்செயலா? பணம் புரட்ட நேரமாவது தற்செயலா? மிஞ்சுவது ரோட்டின் நிலை ஒன்றுதான், அதுவும் நம்மூரில் தற்செயல் இல்லை. எழுதியதைத் திருப்பிச் சொல்லும்போது ஒழுங்காகச் சொல்லுங்கள்.

18. வளவன்77

ஒரு விஷயம் கேக்கிறேன், பொருநை நேரா பதில் சொல்லணும்.

ஓலைச்சிலுவையில வர்ற சோமர்வெல். 1922லயும் 1924லயும் எவரெஸ்ட் பயணத்துல போனவர். 1924ல ஆக்சிஜன் இல்லாம கிட்டத்தட்ட 28,000 அடி வரைக்கும் ஏறினார். இறங்கும்போது குளிர்க்காத்துல வெந்துபோன தொண்டைச் சவ்வு உரிஞ்சு மூச்சுக்குழாயை அடைச்சிருச்சு. கூட வந்த நார்ட்டன் முன்னாடி போயிட்டார், கூப்பிடக் குரல் இல்ல. பனியில உட்கார்ந்து சாகத் தயாரானவர், கடைசியா ரெண்டு கையாலயும் தன் நெஞ்சை அழுத்தினார். அடைச்சது வெளிய வந்து விழுந்துச்சு. எழுந்து நடந்தார். இது நடந்தது, அவரே எழுதி வெச்சிருக்கார். அப்படிப்பட்ட மனுஷன் நாகர்கோவில் பக்கத்துல நெய்யூர்ல வந்து வருஷக்கணக்கா அறுவை சிகிச்சை செஞ்சுட்டு இருந்தார்.

இதை ஜெயமோகன் கதையில உச்சமா வெச்சிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? ‘மூச்சு நின்னது போதும், சவ்வு எதுக்கு?’ன்னுதானே?

19. பொருநைக்கரையான்

நேராகவே சொல்கிறேன். சோமர்வெல் தன் பயணக் குறிப்பில் எழுதினால் அது தகவல். என்னை நம்பவைக்கும் பொறுப்பு அதற்குக் கிடையாது, நடந்திருந்தால் போதும். கதைக்கு அந்தச் சலுகை இல்லை. உலகத்தில் நடக்காதது கதையில் நடக்கலாம், உலகத்தில் நடந்தது கதையில் செத்துப்போகலாம். வளவன் இதை எட்டு வருஷமாக மறுத்துக்கொண்டிருக்கிறார்.

தொகுப்பையே விரித்துப் பார்ப்போம். முதலில் ஒரு சாதாரணக் கண், பெரும்பாலும் இளைஞன் அல்லது கீழ்நிலை அதிகாரி. அடுத்து ஒரு மாமனிதர். அவரை உலகம் அவமதிக்கும் ஓர் இடம்: யானை டாக்டரில் கிடைக்காமல் போகும் விருது, அறத்தில் கிடைக்காத கூலி. பிறகு வாயால் சொல்லாமல் உடம்பால் செய்யப்படும் ஒரு பெருஞ்செயல். யானைகள் துதிக்கை தூக்குகின்றன. வணங்கானில் யானைமேல் ஊர்வலம். சோற்றுக்கணக்கில், சாப்பாட்டுக்கு விலை கேட்காத கடைக்காரர் கெத்தேல் சாகிப்பின் உண்டியலுக்குள் பணம் போகிறது. அறத்தில் தார் ரோடு. ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் அடிபடுவோம். வரிசையாகப் படித்தால் நாலாவது கதையிலேயே கை எங்கே ஓங்கப்படும் என்று தெரிந்துவிடும். செயல் பெரிதாகிக்கொண்டே போக வேண்டிய கட்டாயம் அங்கிருந்து வருகிறது. உட்காருவது போதாமல் வேக வேண்டியிருப்பது அதனால்தான்.

இவற்றில் சோற்றுக்கணக்கு மட்டும் தப்பித்தது, காரணம் சாகிப் அசையவே இல்லை. நன்றி சொல்ல வந்தவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எப்போதும் போலப் பரிமாறுகிறார். பணம் போட்டவனும் போடாதவனும் அவருக்கு ஒன்று. அங்கே கை ஓங்கப்படவில்லை, அதனால் அடி ஆழமாக விழுகிறது. இதே ஆசிரியர்தான் அதையும் எழுதினார். ஆகவே அவருக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்தும் ஆச்சியை வேகவிட்டார் என்கிறேன்.

20. செவ்வந்தி

வார்ப்பு பற்றிச் சொன்னது பாதி சரி. கோட்டியை ஏன் விட்டுவிட்டீர்கள்? பூமேடையைச் சுற்றிச் சிரிப்புத்தானே ஓடுகிறது? மத்துறு தயிரில் என்ன பெருஞ்செயல் நடக்கிறது? கம்பனின் ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு பேராசிரியரும் குடியில் கரையும் மாணவனும் துக்கப்படுகிறார்கள். யாரும் யாரையும் காப்பாற்றுவதில்லை. உங்கள் வரிசைக்குள் வராத கதைகளை வாயே திறக்காமல் தள்ளிவைத்துவிட்டு ‘தொகுப்பையே விரித்துப் பார்ப்போம்’ என்கிறீர்கள்.

யானை டாக்டரிலும் துதிக்கையை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள். அந்தக் கதை நிற்பது புழுவில். அழுகிய யானைப் பிணத்தில் நெளியும் புழுவைப் பார்த்து அருவருத்த ஒருவன், அதையும் ஓர் உயிராகப் பார்க்கும் இடத்துக்கு நகர்கிறான். பதினோராம் வகுப்புப் பாடநூலில் துணைப்பாடமாக வந்தபோதுகூடப் பிள்ளைகள் மனதில் தங்கியது விருது இல்லை, காட்டில் வீசப்படும் பீர் பாட்டில். யானையின் பாதம் கெட்டித்தோலும் உள்ளே மெத்தென்ற சதையும். உடைந்த கண்ணாடி ஏறினால் நடக்க நடக்க எடையே அதை உள்ளே தள்ளும். சீழ் வைக்கும், நடக்க முடியாத யானை இரை தேட முடியாமல் நின்று சாகும். இந்தத் தகவல் கதைக்குள் செய்வதைத் துதிக்கை செய்யவில்லை. நீங்கள் இரண்டு பேரும் கடைசிப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

21. வளவன்77

அக்கா சொல்றது சரி, கடைசிப் பக்கத்தைத் தாண்டாத ஆள் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். எட்டு வருஷமா நான் மறுக்கிறேனாம். இந்தக் குழு ஆரம்பிச்சே ஆறு வருஷம்தான் ஆகுது.

22. பொருநைக்கரையான்

பழைய குழுவையும் சேர்த்துச் சொன்னேன். அங்கிருந்து ஏன் வெளியேற்றப்பட்டீர்கள் என்பதையும் எழுதட்டுமா?

செவ்வந்தி, ‘இரண்டு பேரும்’ என்று என்னை வளவனோடு சேர்க்க வேண்டாம். கோட்டியும் மத்துறு தயிரும் நல்ல கதைகள் என்று 2 மாதம் முன்பே எழுதியிருக்கிறேன், தேடிப் பாருங்கள். இந்தத் திரி தலைப்புக் கதையைப் பற்றியது. ஒரு தொகுப்புக்குத் தலைப்பாக வைத்த கதை அந்தத் தொகுப்பின் வாக்குமூலம். அது மிகையில் முடிந்தால் அதைக் கேட்க வேண்டும்.

23. காரைவீடு

வாக்குமூலத்தில் செட்டியாரை மட்டும் கூண்டில் ஏற்றியதைக் கேட்க மாட்டீர்களா?

24. பாட்டியல்தாசன்

பொருநை, 13ஆம் பதிவில் நீங்கள் ‘அறமா பயமா’ என்று பிரித்தீர்கள். பயமில்லாத அறம் எங்கே இருக்கிறது? ‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ என்று சிலப்பதிகாரப் பதிகம் சொல்லும் மரபு இது. கூற்று என்றால் எமன். நம் காப்பியம் அறத்தைப் பயத்தோடு சேர்த்தே எழுதியிருக்கிறது. ஆச்சிக்குள் இரண்டும் ஒன்றாக இருப்பதைக் குழப்பம் என்பது உங்கள் வாசிப்பின் குறை.

25. பொருநைக்கரையான்

பாண்டியன் உயிர்விட்டது பயத்தால் அல்ல, பிழை தெரிந்ததால். ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று அவன் வாயால் சொல்லிவிட்டு விழுகிறான். இளங்கோ அந்த வரியை எழுதிவிட்டுத்தான் அவனை விழவிட்டார். ஆச்சிக்கு அப்படி ஒரு வரி கிடைக்கவில்லை, தார் கிடைத்தது. நீங்கள் எடுத்த உதாரணமே எனக்குத்தான் சாட்சி சொல்கிறது.

26. மைல்கல்

இதை இழுத்துக்கொண்டே போவதற்கு ஒரு வழி இருக்கிறது, அளந்துவிடலாம். மே மாதம், மதியம் 2 மணி, கசிந்த ரோடு ஒன்று. மேற்பரப்பில் ஒட்டி வைக்கும் வெப்பமானி ஒன்று, 4 மடிப்புத் துணிக்கு அடியில் இன்னொன்று, மேலே 50 கிலோ மணல் மூட்டை. கால் மணிக்கு ஒரு முறை குறித்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

27. பொருநைக்கரையான்

மணல் மூட்டை வைத்து இலக்கியத்தை அளக்கிற இடத்துக்கு இந்தக் குழுவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள்.

28. வளவன்77

150 டிகிரின்னு முதல் பதிவுலயே எழுதினது யாரு?

29. செவ்வந்தி

5ஆம் பதிவில் ஆச்சியைப் பற்றி நான் கேட்டதற்கு உங்களில் ஒருவரும் இன்னும் பதில் எழுதவில்லை. தாசன் ஐயா அவளைச் சிதையில் ஏற்றினார், மைல்கல் மணல் மூட்டையாக்கினார். வளவன், பேசாமல் உட்கார்ந்ததுதான் கதை என்று ஒற்றை வரியில் முடித்தீர்களே, நூறு நாற்காலிகளின் தாயும் அப்படி வாய் மூடி உட்கார்ந்திருந்தால் அந்தக் கதை நிற்குமா? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

30. பொருநைக்கரையான்

அவர் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன், நாளை விரிவாக எழுதுகிறேன். அதுவரை 19ஆம் பதிவை எல்லோரும் இன்னொரு முறை படியுங்கள்.